குறைச் சீட்டு

புதுப் பெட்டிக்கு என்று தனியாக ஒரு வாசனை கிடையாது. பெட்டியைப் பிரித்ததும் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்கிறார்களே, அது பிளாஸ்டிக் உறையைச் சூடு காட்டி ஒட்டும்போது வருகிற நாற்றம். அந்த நாற்றத்தை என் மேஜையில் அரை நிமிடத்தில் நானே உண்டாக்கிக் கொடுப்பேன். பதினான்கு வருடமாகப் பழைய வீடியோ கேம்களை வாங்கி விற்கிற கடை வைத்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்திலாவது என் பேச்சை நம்பலாம்.

தண்ணீர் வேண்டாம், ஐயா. எழுதிக்கொள்கிறவருடைய கைக்குத் தகுந்தபடி நிதானமாகவே சொல்கிறேன். நடுநடுவே என் குரல் சூடேறினால் அது உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை. அந்தக் கோபத்துக்கு உரியவர் வேறு.

என் கடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எட்டடிக்குப் பத்தடி. ஒரு பக்கம் செருப்புக் கடை, மறுபக்கம் நகல் எடுக்கிற கடை. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் காத்திருக்க வேண்டும். விளையாடி முடித்ததை, அலுத்துப்போனதை, வீட்டில் திட்டு வாங்கியதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்ப்பேன். பழைய கேம்கள் அடைத்து வருகிற கார்ட்ரிட்ஜின் உலோகப் பற்களை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பேன். மெஷினைப் பிரித்துத் தூசி ஊதுவேன். உள்ளே கிடக்கிற குப்பையைப் பார்த்தே அந்த வீட்டில் பூனை இருக்கிறதா, சிகரெட் பிடிக்கிறவர் இருக்கிறாரா என்று சொல்லிவிடுவேன். கரப்பான் பூச்சி குடும்பத்தோடு வந்து இறங்கியதும் உண்டு.

பிறகு ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்து, அதில் என்ன கோளாறு என்று ஒரு வெள்ளைச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைப்பேன். அதற்குக் குறைச் சீட்டு என்று பெயர். உள்ளங்கை அளவுக் காகிதம், நீல மை, கீழே தேதி, என் கையெழுத்து, கடை முத்திரை. “நாலாவது கட்டத்தில் பாலம் தாண்டும்போது படம் இரண்டு நொடி உறையும், பயப்பட வேண்டாம், திரும்ப வரும்.” “இடது பொத்தான் மழைநாளில் ஒட்டும்.” “முன்பு வைத்திருந்தவர் கோபக்காரர், மூலையில் பல் தடம் இருக்கிறது.” இப்படித்தான் எழுதுவேன். படித்துவிட்டுச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு வாங்கிப்போவார்கள். பதினான்கு வருடத்தில் ஒரு ஆள்கூடச் சண்டைக்கு வந்ததில்லை. சொல்லாத குறையோடு ஒரு பொருள் என் கடைப் படி இறங்கியதே இல்லை. இதை அந்தக் காகிதத்தில் அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் தங்கையின் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு, நான் கூப்பிடுவது வாண்டு. பள்ளி விட்டதும் தங்கை அவளை என் கடையில் விட்டுவிட்டுப் போவாள். செருப்புக் கடையிலிருந்து ஒரு முக்காலியைக் கடன் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடும். அதற்குப் பழைய கேம்தான் உயிர். ஏனென்று கேட்டீர்களானால், பழைய கார்ட்ரிட்ஜில் முன்பு விளையாடியவர்கள் சேவ் செய்துவைத்தது அப்படியே இருக்கும். யாரோ ஒருவர் பாதிக் கோட்டையைப் பிடித்துவிட்டு அந்த இடத்திலேயே விட்டுப்போயிருப்பார்.

“மாமா, இவங்க சாவியைக் கண்டுபிடிச்சிட்டாங்க, ஆனா கதவு எங்க இருக்குன்னு தெரியாம நின்னுட்டாங்க. பாவம், நான் முடிச்சுக் குடுக்கறேன்” என்பாள்.

முகம் தெரியாத யாருக்காகவோ மூன்று நாள் உட்கார்ந்து முடித்துக் கொடுப்பாள். என் சீட்டுகளையும் விடமாட்டாள். யாராவது வேண்டாமென்று விட்டுப்போனால் எடுத்து ஒரு கோடு போட்ட நோட்டில் ஒட்டிவைப்பாள். எந்தப் பெட்டியைக் கையில் எடுத்தாலும் முதலில் சீட்டைத் தேடுவாள், அப்புறம்தான் கேம். அவளுக்கு ஒரு கெடுதலும் நான் நினைத்ததில்லை. என் சொந்தப் பிள்ளை மாதிரி என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பிள்ளை இல்லை, ஒப்பிட்டுச் சொல்லத் தெரியாது.

அவளுடைய அப்பா பல் டாக்டர். கல்யாணமான நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதென்றால் கையோடு ஒரு பாட்டில் கொண்டுவருவார். உட்காரும் முன் நாற்காலியைப் பார்ப்பார். ஊரில் இருக்கிற அத்தனை பேர் வாயிலும் விரலை விட்டுப் பிழைக்கிற மனிதர், என் கடையில் மட்டும் எதையும் தொடாமல் இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். தங்கைக்காகத்தான். அவள் படித்ததெல்லாம் பழைய புத்தகக் கடையில் நான் தேடிப் பொறுக்கிக் கொடுத்த புத்தகங்கள். அடிக்கோடு போட்டிருக்கும், ஓரத்தில் யாரோ குறிப்பு எழுதியிருப்பார்கள். அந்தக் குறிப்பைப் படித்துத்தான் தேறினேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அதை மாப்பிள்ளை முன்னால் சொல்லியிருப்பாளா என்பது வேறு கதை.

இந்த வருடம் வாண்டுவின் பிறந்த நாளுக்கு, கையில் பிடித்து விளையாடுகிற மெஷின் ஒன்று கொடுத்தேன். அவள் ரொம்ப நாளாகக் கேட்ட மாடல். கம்பெனியில் செய்வதை நிறுத்திவிட்டார்கள். மூன்று மெஷினிலிருந்து நல்ல பாகங்களை எடுத்துச் சேர்த்து, திரை மாற்றி, புது பேட்டரி போட்டு, ஒரு மாதம் உட்கார்ந்து செய்தேன். சீட்டில் ஒரே ஒரு குறைதான் எழுத முடிந்தது: “பின்மூடியின் நிறம் முன்பக்கத்தோடு சேராது.”

மறுநாள் காலை கடை திறந்த சூட்டோடு மூன்று பேரும் வந்தார்கள். கடையில் காலேஜ் பையன்கள் இரண்டு பேர் இருந்தார்கள், ஒரு அம்மாவும் இருந்தார். டாக்டர் கையில் கிளினிக்கில் கழிவு போடுகிற மஞ்சள் பை. அதற்குள் என் மெஷின். அதை அவர் என்னிடம் நீட்டவில்லை. மகளிடம் கொடுத்தார்.

“நீயே மாமாகிட்ட குடு” என்றார்.

வாண்டு கொடுத்தாள். அழவில்லை. அவளுடைய காது மட்டும் சிவந்திருந்தது.

“மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க” என்றார் டாக்டர். “அடுத்தவங்க யூஸ் பண்ணினது எதுவும் எங்க வீட்டுக்குள்ள வர்றதில்ல. யார் யாரு கை பட்டதோ, என்னென்ன கிருமியோ.”

“நல்லா துடைச்சு, பேட்டரி வரைக்கும் மாத்தித்தான் குடுத்தேன் மாப்பிள்ளை. சீட்டுல எழுதியிருக்கேன் பாருங்க.”

“சீட்டெல்லாம் உங்க கஸ்டமருக்கு. வாங்கினா புதுசு வாங்கணும், இல்லன்னா சும்மா இருக்கணும். எச்சில் பொருளுக்கு ஏங்குற பிள்ளையா இவ வளரக்கூடாது.”

எச்சில். அந்த அம்மா கையில் எடுத்திருந்த டிஸ்க்கைத் திரும்ப வைத்துவிட்டு நழுவினார். தங்கை வாசலில் நின்று செருப்புக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்கு ஏதோ செருப்பு வாங்க வந்தவள் போல. வாண்டு என் கையிலிருந்த மஞ்சள் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்தாள்.

“மாமா, சீட்டை மட்டும் வச்சுக்கட்டா?”

வைத்துக்கொள் என்றேன். அன்று முழுக்க நான் நன்றாகத்தான் இருந்தேன். இரண்டு கன்சோல் பழுது பார்த்தேன். ராத்திரி சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

இப்போது கண்ணாடிக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய சாலையில், முகப்பு முழுக்கக் கண்ணாடியும் குளிர்காற்றுமாக இருக்கிற வீடியோ கேம் கடை. புதுசு மட்டுமே விற்பதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். டாக்டர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவது அந்தக் கடையைத்தான். அந்தக் கடையில் வாங்கிப்போனவன் நாலு நாள் விளையாடிவிட்டுப் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தால் அதை என்ன செய்வார்கள் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? என்னிடம் அனுப்புவார்கள். நான் கைரேகை துடைத்து, பெட்டியின் மூலையை நிமிர்த்தி, மேலே உறை மாட்டி, சூடுகாற்றுத் துப்பாக்கியால் ஒரு சுற்றுச் சுற்றி அனுப்பினால் அது மறுபடி புதுசு. “இதுல உன் சீட்டு கீட்டு வச்சிடாதப்பா” என்று கடைக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். உறை மாட்டுவது மட்டும்தான் என் வேலை, விற்பது அவர் வேலை. அந்தப் பொய் அவருடையது. நான் அதைத் தொட்டதில்லை.

பிறந்த நாள் முடிந்து பத்து நாள் இருக்கும். கண்ணாடிக் கடைக்காரருடைய ஆள் ஒரு பெட்டியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அதே மாடல், கம்பெனி நிறுத்துவதற்கு முன் வந்த கடைசி இருப்பு. யாரோ ஒரு வாரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது. மேலே துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது: “பல் டாக்டர், மகளுக்கு. புதுசு மட்டும்.” புதுசு மட்டும் என்பதன் கீழே இரண்டு கோடு.

அந்த இரண்டு கோட்டை நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். சிரிப்புதான் வந்தது. என் கை பட்டது ஆகாது என்று மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தவருக்கு, என் கை பட்டதே புதுசாகப் போகப்போகிறது. அதோடு விட்டிருந்தால் அது என் வரைக்கும் ஒரு வேடிக்கையாக முடிந்திருக்கும். விட்டிருக்கலாம்தான்.

நீங்கள் மூன்றாம் தடவையாகக் கேட்கிறீர்கள், மெஷின் அனுப்பப்பட்டபடியேதான் திரும்பிப் போனதா என்று. இல்லை. என் கடைப் பின்வாசலில் ஒரு மணல் வாளி இருக்கிறது. உப்பிப்போன பேட்டரிகளை அதில் புதைத்து வைப்பேன். வாரம் ஒருமுறை அதற்கென்றே ஒருவர் வந்து எடுத்துப்போவார். அன்றைக்கு வாளியில் இந்த மாடலுக்குப் பொருந்துகிறவை மூன்று இருந்தன. மெஷினின் நாலு திருகாணியைக் கழற்றி நல்ல பேட்டரியை எடுத்தேன். வாளியிலிருந்து முதலாவதைப் போட்டேன், பின்மூடி மூடவில்லை. இரண்டாவதும் மூடவில்லை. மூன்றாவது குறைவாக உப்பியிருந்தது, மூடிக்கொண்டது. நாலு ஆணியையும் முறுக்கினேன். எல்லாம் சேர்ந்து கால்மணி நேரம் ஆகியிருக்கும்.

ஏன் என்று கேட்டால் சொல்கிறேன், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. இரண்டு வாரத்தில் அது இன்னும் உப்பித் திரையைத் தூக்கிவிடும். டாக்டர் அதை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போய் நிற்க வேண்டும். அந்தக் கடைக்காரர் நாலு பேர் முன்னால் பேந்தப் பேந்த விழிக்க வேண்டும். புதுசும் கெட்டுப்போகும் என்று டாக்டர் வாயாலேயே வரவேண்டும். பிறகு என்றைக்காவது ஒரு நாள் என் கடை வாசலில் வந்து, மச்சான், நீங்க குடுத்தது நல்லாத்தான் இருந்துச்சு என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான் ஐயா நான் ஆசைப்பட்டது. தீப்பிடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் பேட்டரி செய்கிற கம்பெனிக்காரன் இல்லையே.

தீப்பிடித்தது ஒரு சனிக்கிழமை மதியம். மெஷின் சார்ஜில் இருந்தது, வாண்டு அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். தங்கை போன் செய்தபோது அவள் பேசியது எனக்குப் புரியவில்லை, அண்ணா அண்ணா என்பது மட்டும்தான் கேட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வலது கையில் மூன்று விரல் தேறாது என்றார்கள். இடது கை தேறிவிடும், தொடையில் தோல் வைத்துத் தைக்க வேண்டும் என்றார்கள். டாக்டர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இரண்டு கையிலும் கட்டு. எரிகிற மெஷினை மகள் கையிலிருந்து பிய்த்து எறிந்திருக்கிறார். எனக்குத் தெரிந்து என் கை பட்ட ஒரு பொருளை அவர் வெறும் கையால் தொட்டது அன்றைக்குத்தான்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“புதுசுதான் மச்சான் வாங்கினேன்” என்றார். “புதுசுதான் வாங்கினேன்.”

அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் தோளைத் தொட்டு உட்காரவைத்தேன். அவர் விலகவில்லை.

நீங்கள் முதலில் பிடித்தது கண்ணாடிக் கடைக்காரரை. அவர் கம்பெனி சீலோடு வந்ததை அப்படியே விற்றேன் என்று சாதித்தார். உறை விஷயத்தைச் சொன்னால் அவர் கடை நாறிவிடும், அதனால் என் பெயர் அவர் வாயில் வராது, அது எனக்குத் தெரியும். எரிந்த மெஷினில் ஒன்றும் மிச்சமில்லை. போன செவ்வாய்க்கிழமை நீங்கள் என் கடைக்கு வந்தது கூட, இந்த மெஷின்கள் எப்படித் தீப்பிடிக்கும் என்று விவரம் கேட்கத்தான். நான் சொன்னேன், நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். கிளம்புகிற நேரத்தில் வாசலில் நின்று சிரித்தபடி ஒன்று சொன்னீர்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் பெண் போலீஸ் அதிகாரி வாண்டுவிடம் பேசியிருக்கிறார். இது உன் மாமா கடையிலிருந்து வந்திருக்குமா என்று சும்மா கேட்டிருக்கிறார். அதற்கு அவள் சொன்னதை நீங்கள் அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினீர்கள்.

“மாமா கடைதுன்னா சீட்டு இருக்கும். நான் பெட்டி ஃபுல்லா தேடிப் பாத்தேன். சீட்டே இல்ல. மாமா சீட்டு வைக்காம தரமாட்டாரு.”

நீங்கள் அப்படியே போயிருப்பீர்கள். நானும் விட்டிருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். புதுசு என்று சொல்லிக் கொடுத்த பெட்டியில்கூட அந்தக் குழந்தை என் சீட்டைத் தேடியிருக்கிறது. தேடிவிட்டு, இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறது. பதினான்கு வருடத்தில் என் மேஜையிலிருந்து போன ஒரு பெட்டியில் சீட்டு இல்லை என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று பகலெல்லாம் அது என்னை அரித்தது. யார் வேண்டுமானாலும் சொல்லட்டும், அவள் சொல்லலாமா? மறுநாள் நானாகவே இங்கே நடந்து வந்தேன். நீங்கள் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெட்டி எங்கே இருக்கும் என்று நான்தான் சொன்னேன். வாண்டு பெட்டிகளைத் தூக்கிப் போடமாட்டாள், அலமாரி மேல் அடுக்கி வைத்திருப்பாள். மெஷின் உட்காருகிற அட்டைத் தட்டைத் தூக்கிப் பாருங்கள் என்றேன். தட்டின் நாலு மூலையிலும் ஒரு சொட்டுப் பசை இருந்ததே, அது வழியில் ஆடாமல் இருக்கட்டும் என்று வைத்தது. கொஞ்சம் அழுத்தி இழுத்தால் வந்துவிடும். குழந்தை அவ்வளவு தூரம் இழுத்துப் பார்க்கவில்லை. டாக்டர் பார்த்திருக்கலாம். புதுசு என்ற மிதப்பில் இருக்கிறவருக்கு எதையும் பார்க்கத் தோன்றாது. பழசு என்று கேட்டு வாங்கியிருந்தால் முதல் வேலையாகப் படித்திருப்பார்கள், ஒன்றும் ஆகியிருக்காது. கண்ணாடிக் கடைக்காரர் சீட்டு வைக்காதே என்றுதான் சொல்லியிருந்தார். அதை மீறித்தான் வைத்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை.

இதோ, நீங்கள் கண்ணாடிக் காகித உறையில் போட்டு மேஜை மேல் வைத்திருக்கிறீர்களே, இதுதான். உரக்கப் படிக்கச் சொல்கிறீர்கள், படிக்கிறேன்.

“பேட்டரி உப்பியது. சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கும். குழந்தை கையில் கொடுக்க வேண்டாம்.”

என் எழுத்துதான். நீல மை. தேதி, உறை போட்ட அன்றைய தேதி. கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றன. வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்து வேண்டுமானாலும் சொல்லுங்கள், போடுகிறேன். உங்கள் வேலை முடிந்ததும் இதை வாண்டுவிடம் கொடுத்துவிடுங்கள். நோட்டில் ஒட்டிக்கொள்ளட்டும். அவளால் இனி ஒட்ட முடியாது, யாராவது ஒட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். மாமா சீட்டு வைக்காமல் எதையும் கொடுத்ததில்லை என்று அந்தக் குழந்தைக்குத் தெரிந்தால் போதும்.